கூலி வேறு, கொடை வேறு

(கல்முனைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் ஒரு பகுதி)



2020 மார்ச் 20இல் கொரோனா ஊரடங்கு வந்தது. வயல் வேலைக்கு அனுமதி கிடைத்தது. மருதமுனைத் தறிகளும் கல்முனைப் புடைவைக் கடைகளும் முடங்கின. நோன்பு மாதமும் அதற்குள்ளேயே வந்தது. முதலாளிமார் பலர் அரிசிப் பொதி அனுப்பினர், நன்றி மறவோம். ஆயினும் நாம் கேட்பது வேறொன்று: அந்த மாதச் சம்பளம் எங்கே?

அவ்வாண்டு மே மாதத்தில் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் தொழில் அமைச்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்கு அழைக்க இயலாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், இவற்றுள் எது கூடியதோ அதைக் கொடுப்பதென்பது அதன் சாரம். பெரிய கம்பனியின் பதிவேட்டில் பெயருள்ளவன் அதைக் காட்டிக் கேட்கலாம். நம்மூர்க் கடைப் பையன் எதைக் காட்டுவான்? நியமனக் கடிதமில்லை; சேமலாப நிதி இலக்கமில்லை; "நீ நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்ற சொல் மட்டுமே உண்டு. கடை திறந்த நாளில் வீட்டுப் பிள்ளை. பூட்டிய நாளில் அந்நியன்!

சட்டத்தரணியின் வாய் சட்டத்தைச் சொல்லாமல் ஓயாது, பொறுத்தருள்க. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே வந்தது. 1958இன் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரரையும், துண்டுக் கணக்கில் கூலி பெறுவோரையும் ஒதுக்கவில்லை. சட்டத்தில் குறைவில்லை, நமது பதிவேடுகளே வெறுமை.

சிறு முதலாளியின் இடரையும் நாம் அறிவோம். பெருநாள் வியாபாரத்துக்குக் கடனில் சரக்கெடுத்து நொடித்தவர் உண்டு. முழுச் சம்பளம் இயலாதெனில், ஊழியரை அழைத்துக் கணக்கைக் காட்டிப் பாதியையேனும் பேசித் தீர்த்திருக்கலாம். வாய் திறந்து பேசாததே மனக்கசப்பை வளர்த்தது.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நமது காரியாலயத்தில் நியமனக் கடிதப் படிவங்கள் கிடைக்கும். ஊழியரும் வரலாம், முதலாளிமாரும் வரலாம், கட்டணமில்லை. போடியார்மாரே, உங்கள் நெல் ஆலை ஆட்களுக்கும் படிவம் எடுத்து வைத்திருக்கிறோம்.