பிள்ளை நிற்கும் படியிலிருந்து

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் சங்கச் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டிருந்தோம். ஹற்றன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கலாம், பிள்ளையின் தரமறிந்து கேள்வி கேட்கும் மென்பொருளையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். கேள்வி கேட்கும் அந்த முறையை ஏற்கிறோம். கணினியை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம்.

அமெரிக்காவில் தாதியாகப் பதிவு பெற என்கிளெக்ஸ் எழுதிய சகோதரிகளுக்கு இம்முறை பழக்கம். 1994 முதல் அப்பரீட்சை இப்படித்தான் நடக்கிறது. விடை சரியானால் அடுத்த கேள்வி கடினமாகும்; பிழைத்தால் சற்று இலகுவாகும். ஒருவரின் நிலை போதிய அளவு உறுதியானதும் திரை நின்றுவிடும். (திரை நின்றபோது வயிறு கலங்கிய கதைகளை நேற்றிரவு விருந்திலும் கேட்டோம்.)

நாம் எழுதிய புலமைப்பரிசில் பரீட்சை இதற்கு நேர்மாறு. எல்லாருக்கும் ஒரே தாள். யார் மேலே போவது என்று அது சொல்லும். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று சொல்லாது. புள்ளி குறைவு, அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று ஆசிரியைக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளக் கணினி கட்டாயமில்லை. இந்தியாவில் பிரதம் நிறுவனத்தார் 2005இல் தொடங்கிய அசர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைத் தனியே இருத்தி, முதலாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பந்தியை வாசிக்கச் சொல்கிறார்கள். வாசித்தால் இரண்டாம் வகுப்புத் தரக் கதை. முடியாவிட்டால் சொற்கள், அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். கணக்கில் கழித்தலில் தொடங்குகிறார்கள். வந்தால் வகுத்தல், வராவிட்டால் இலக்கங்களை இனங்காணல். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் 200 நிமிடம். ஒரு காலைப்பொழுது போதும். மழைக்கு மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடேறி அலைந்ததை மலையகம் மறக்கவில்லையே!

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கத் தொடங்கியது. பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் தவணை தொடக்கத்தில் அரும்பு என்று குறிக்கப்பட்ட பிள்ளை வருட முடிவிலும் அரும்பாகவே இருந்தால், மக்குப் பிள்ளை என்ற பழைய பட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்ததாகவே முடியும். தோட்டத்தில் பட்டம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் சொன்னது மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே ஆறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் வாசிக்கக் கேட்க வேண்டும், குழுவும் மாற வேண்டும். இது நடக்காதென்றால் பிள்ளைகளைப் பிரிக்கவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்று, வாசிக்கக் கொடுக்கும் பந்தி. கடலையே காணாத பிள்ளைக்குக் கட்டுமரத்தையும் வலையையும் பற்றிய பந்தியைக் கொடுத்தால், தடுமாறுவது எழுத்திலா சொல்லிலா என்று பிரித்தறிய முடியாது. கொழுந்துக் கூடை, பீலிக்கரை, அட்டைக்கடி, இஸ்தோப்பில் காயும் விறகு என்று பிள்ளை அன்றாடம் காணும் பொருள்களை வைத்து நாமே பந்திகள் எழுதலாம்.

மூன்று தோட்டப் பாடசாலைகளின் அதிபர்கள் இணங்கியிருக்கிறார்கள். தரம் 3 பிள்ளைகளோடு அடுத்த தவணையில் தொடங்குகிறோம். நிதியில் பெரும்பகுதி, ஒவ்வொரு பாடசாலையிலும் பின்னேர வகுப்பு எடுக்கும் உதவி ஆசிரியையின் கொடுப்பனவுக்குப் போகும். மிகுதி அச்சுச் செலவுக்கும் பயணத்துக்கும். பெயர்ப்பலகை வைக்கக் கட்டடம் ஏதும் எழும்பாது. அதில் சிலருக்கு மனக்குறை என்பதும் தெரியும்.

ஊரில் உள்ளவர்கள் ஆறு வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது தந்தால் போதும். ஆசிரியையாக இருந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை திக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கும் பொறுமை வேண்டும். வெளிநாட்டுச் சகோதரிகள் ஆளுக்கொரு பந்தி எழுதி அனுப்புங்கள். ஐந்தாறு சிறு வசனங்கள், தோட்டத்துப் பேச்சில். சிறு வயதில் நீங்கள் நடந்து வந்த குறுக்குப்பாதையைப் பற்றியே எழுதலாம்.