நாற்பதுக்கு மேல் ஒரு புதுத் தொழில்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடு வயதில் வேலை இழந்தவர்கள் என்ன செய்யலாம் என்று பேசப் பணித்தார்கள். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு வழியை மட்டும் சொல்கிறேன்.

பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய சர்க்கார் உத்யோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை பிள்ளை புனேயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். அவனுடைய 43-வது வயதில் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் விண்ணப்பம் போட்டும் பலனில்லை. கடைசியில், "எலக்ட்ரீஷியன் வேலை கத்துக்கப் போறேன்" என்றான். வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "பொண்ணுக்கு வரன் பார்க்கறச்சே, அப்பா என்ன பண்றார்னு கேட்டா என்ன சொல்றது?"

அவன் தயங்கவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். தன் பெண் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தான். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. பிறகு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சேர்ந்து சுவரைக் கொத்தினான், பைப்பில் வயர் இழுத்தான். இன்று சுயமாகத் தொழில் செய்கிறான்.

2000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும் என்று நான் மனக்கணக்காகவே சொல்லிவிடுவேன். ஆனால் பழைய பிளாட் ஒன்றில் அந்த வயர் தாங்குமா, எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்ல அவனால்தான் முடியும்.

எம்.சி.பி. இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அது வயரைக் காப்பதற்கு. உடம்பு வழியாகச் சில மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணராது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காக்கும். போகும் வீடுகளில் எல்லாம் இதை அவன் பொறுமையாக விளக்குகிறான். படிப்பு வீணாகவில்லை.

இந்த வழியை யோசிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, வருமானமில்லாத இரண்டு, மூன்று வருஷங்களுக்கு வீட்டுச் செலவுக்கு ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, பல்பு, விசிறி, ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, வயரிங் வேலைகளை மாநில அரசின் உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் வருஷ விதி. ஆகவே குறுக்கு வழி வேண்டாம். சான்றிதழும் உரிமமும் அவசியம்.

அந்த வரன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். ஜாதகப் பரிவர்த்தனையில் "பிசினஸ்" என்று மழுப்பாமல், "எலக்ட்ரீஷியன்" என்றே எழுதட்டும். அதைப் படித்துவிட்டு நாம் அந்த ஜாதகத்தை ஒதுக்கி வைக்காமல் இருந்தால் போதும்.