64 இலை போட்ட பேக்கப்

போன வாரம் டேட்டா சென்டருக்கு உள்ளே நடக்கிறதைப் பேசினோம். இன்னைக்கு ரெண்டு ஊர் டேட்டா சென்டர்களை இணைக்கிற லைன்.

முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே ஒரே லைன். ராத்திரி ஆரம்பிச்ச பேக்கப் ஒருநாள் காலை பத்து மணி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சு. கடைகள்ல கார்டு தேய்ச்சவங்க மெஷினையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. லைன் அறுந்து போகல. பேக்கப் புரோகிராம் 64 இணைப்புகளைத் திறந்து வச்சிருந்தது, அவ்வளவுதான். டிசிபி இணைப்புக்கு இணைப்பு ஏறக்குறைய சமமாப் பங்கு போடும். எந்த சர்வீஸ் முக்கியம்னு அதுக்குத் தெரியாது. 64 பேரோட பந்திக்கு வந்த குடும்பத்துக்கு 64 இலை, தனியா வந்தவருக்கு ஒரு இலை!

பாக்கெட் மேல முன்னுரிமை முத்திரை குத்தலாமேன்னு கேப்பீங்க. குத்தினோம். ஒரே மாசத்துல எல்லா டீமும் தன்னோடதுதான் அவசரம்னு குத்திடுச்சு. பேக்கப் டீம் உட்பட.

கூகுள் தன்னோட பி4 நெட்வொர்க்கைப் பத்தி 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. வழக்கமா இப்படிப்பட்ட லைன்களை 30-40 சதவீதம்தான் பயன்படுத்துவாங்க; மிச்சம் ஆபத்துக்காகச் சும்மா கிடக்கும். பி4-ல் பல லைன்கள் கிட்டத்தட்ட 100 சதவீதம் வரைக்கும் ஓடுச்சு. ரகசியம் என்னன்னா, பயனர்களோட டேட்டாவுக்கு முதல் இடம். டேட்டா சென்டர்களுக்கு நடுவே மொத்தமா நகல் எடுக்கிற வேலைக்குக் கடைசி இடம். லைன் போனா அதுதான் காத்திருக்கும். 2015-ல் வந்த அவங்களோட இன்னொரு கட்டுரையில, வரம்பை ரவுட்டர்ல இல்லாம, அனுப்புற மெஷின்லேயே போட்டாங்க. 64 இணைப்பு திறந்தாலும் மொத்தப் பங்கு ஒண்ணுதான்.

கணக்கு எளிது. 10 ஜிபிபிஎஸ் லைன்; மூணு பேர் 1, 4, 12 கேக்குறாங்க. சமமாப் பிரிச்சா ஆளுக்கு 3.3. முதல் ஆளுக்கு 1 போதும். மீதி 9-ஐ ரெண்டாப் பிரிச்சா 4.5, ரெண்டாவது ஆளுக்கு 4 போதும். மூணாவது ஆளுக்கு 5. இதுக்கு மேக்ஸ்-மின்னு பேரு.

ஆனா யாருக்கு எவ்வளவு எடைன்னு எந்த அல்காரிதமும் சொல்லாது. அதுக்கு நாங்க மூணு மீட்டிங் சண்டை போட்டோம். என்னைக் கேட்டா, உண்மையான வேலையே அதுதான். கடைசியில கார்டு பரிவர்த்தனைக்கு முதல் பங்கு, பேக்கப்புக்கு ஒரு உச்சவரம்பு.

அதுக்கப்புறம் சில நாள் பேக்கப் முழுசா முடியவே இல்லை. அந்த டீம் நண்பர் இன்னமும் என்கிட்ட சரியாப் பேசுறதில்லை.