கடல் காணாத ஊருக்குக் கடற்கரைச் சுவரொட்டி

கடற்கரையைத் துப்புரவு செய்ய வாரீர் என்று ஒரு சுவரொட்டியைத் தர்மபுரத்துச் சந்தியில் ஒட்டினால், படிப்போர் என்ன நினைப்பர்? "எங்கள் ஊரிற் கடல் ஏது?" என்றுதானே கேட்பர்! நேயர்களே, அக்கேள்விக்கு விடை கூறுவதே அச்சுவரொட்டியின் முதற் கடமையாகும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், கடற்கரையினின்றும் உள்ளொதுங்கிய ஊர் தர்மபுரம். ஆயினும் அதன் அயலில் ஓடும் நெத்தலியாறு வடக்கே சென்று சுண்டிக்குளம் கடல்நீரேரியிற் கலக்கின்றது. கோடையில் ஆற்றுப் படுகையில் எறியும் பொலித்தீன் பையை, கார்த்திகை மாரி வெள்ளம் அவ்வழியே கொண்டு செல்லும். சுண்டிக்குளமோ 1938இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்ற இடம்.

எப்படத்தை வரைவது? 2021இல் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை வரையலாம். அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குறுணிகள் ஏறத்தாழ 1,680 தொன். ஆனால் அதனைப் பார்ப்பவர், "குற்றம் கப்பற்காரருடையது" என்று அப்பாற் செல்வர். நெத்தலியாற்றையும், அதன் படுகையிற் கிடக்கும் பையையும், தொலைவிற் கடலையும் வரைந்தால் அவ்வாறு நழுவ இயலாது.

சொற்கள் சிலவே போதும். சைக்கிளிற் செல்பவரும் படித்தறியும்படி எழுத்துப் பெரிதாயிருத்தல் வேண்டும். நாள், நேரம், கூடுமிடம் ஆகிய மூன்றும் தவறாது இடம்பெற வேண்டும். சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு நாளாகிய செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை நமக்கு மிகப் பொருத்தம். அது மாரிக்கு முந்திய காலம். அன்று ஒரு குழு கடற்கரைக்கும், மற்றொரு குழு ஆற்றங்கரைக்கும் செல்லட்டும்.

சுவரொட்டி தாளிலேயே அமைக. பணி முடிந்ததும் ஒட்டியவரே அதனை அகற்றுக. துப்புரவுக்கு அழைத்த பிளாஸ்டிக் பதாகையே மாரியிற் கிழிந்து ஆற்றோடு போதல் ஆகாது.