ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள்



பழைய ஜீப் ஒன்றை வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, ரோட்டில் இறக்கிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆனால் இதில் பாதிதான் ஸ்பேனர் கதை. மீதிப் பாதி ஆர்.டி.ஓ. ஆபீஸ் கதை. இரண்டாவது பாதியை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

வண்டி என் பெரியப்பாவுடையது. மஹிந்திரா எம்.எம். 540, 1988-ல் பதிவானது. பெஜோ டீசல் எஞ்சின், நாலு கியர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்கு உரமும் ஆளும் சுமந்த வண்டி. 2017-ல் பெரியப்பா காலமானார். அதோடு வண்டியும் தகரக் கொட்டகைக்குள் நின்றுபோனது. 2021-ல் நான் கதவைத் திறந்தபோது சீட்டுக்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. நிஜமாத்தான் சொல்றேன்.

எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். டிங்கரிங் பார்த்து, ஓட்டை விழுந்த தரைத்தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைத்து, பட்டி போட்டு, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே பச்சைப் பெயின்ட். நாற்பதாயிரம் ரூபாய் போனது. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிரேக் மட்டும் பிடிக்காது.

உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்கினால், பெயின்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். பாடியைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் பொத்தென்று கேட்கும். மண்ணும் தண்ணீரும் தேங்குகிற குறுக்குச் சட்டங்கள், கமான் பட்டை மாட்டும் கொக்கிகள், இவைதான் முதலில் போகும். அடுத்தது பிரேக். நாலு சக்கரமும் டிரம் பிரேக். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம். பிறகு ஸ்டீயரிங், கிங்பின். அதற்கப்புறம்தான் எஞ்சின். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் படுங்கள்.

கையில் இருக்கும் போன்தான் இதில் பெரிய கருவி. ஒவ்வொரு ஒயரையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. ஒவ்வொரு போல்ட்டையும் எந்த டப்பாவில் போட்டோம் என்று ஒரு போட்டோ. ஆறு மாசம் கழித்து எது எங்கே என்று மூளை சொல்லாது, போன் சொல்லும்.

இனி இரண்டாவது பாதி.

2022-ல் வண்டி ஓடுகிற நிலைக்கு வந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம் என்று எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை அடித்தேன். அப்படி ஒரு வண்டியே இல்லை என்றது! பழைய கைப்பிரதி ஆர்.சி. புத்தக வண்டிகள் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டு. பதட்டப்பட வேண்டாம். அசல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால், பழைய பதிவைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பார்கள். அது ஏறிய பிறகுதான் பரிவாகன் தளத்தில் மற்ற சேவைகளுக்கு விண்ணப்பிக்க முடியும்.

அடுத்தது பெயர். ஆர்.சி. இன்னும் பெரியப்பா பேரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். நாங்கள் ஐந்து வருஷம் தூங்கிவிட்டோம். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்து, பெரியம்மாவும் அண்ணன்கள் இரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, தாமதத்துக்கான பணமும் கட்டித்தான் அது முடிந்தது. சின்ன அண்ணன் கையெழுத்துப் போடும்போது, "ஏண்டா, இந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கியிருக்கலாமே"ன்னார். பதில் சொல்லவில்லை.

பிறகு ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மோட்டார் வாகன ஆய்வாளர், நம்ம ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைச் சுற்றி வந்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி. சேஸிஸ் நம்பர் எங்க?" என்றார்.

சட்டத்தில் அடித்திருந்த எண்ணின் மேல் பட்டியும் இரண்டு கோட்டிங் பெயின்ட்டும் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து தின்னரும் துணியும் வைத்து முக்கால் மணி நேரம் துடைத்தேன். கிரைண்டர் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்; எண் தேய்ந்துபோன சட்டம் யாருடைய வண்டி என்று எந்த அலுவலகமும் சொல்லாது. ஆண்டவன் புண்ணியம், பட்டிக்குக் கீழே எண் முழுசாக இருந்தது. வெள்ளைத்தாளை வைத்து அதன் மேல் பென்சிலால் தேய்த்து, எண் பதிவதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

அதற்குள் அவர் எஞ்சின் பக்கம் போயிருந்தார். "இந்த நம்பர் ஆர்.சி.யில இல்லையே?"

பெரியப்பா கடைசியாகப் புதுப்பித்தது 2013-ல். அதற்கடுத்த வருஷம் எஞ்சின் படுத்துவிட, எங்கிருந்தோ ஒரு பழைய பெஜோ எஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார். பில் இல்லை. அந்த எஞ்சின் எந்த வண்டியில் இருந்து வந்தது என்றும் யாருக்கும் தெரியாது. அதே ரகம்தானே, என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வரும்படி மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றினால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. திருட்டு வண்டியின் எஞ்சின் இப்படித்தானே கைமாறும். அவர் கேட்டது நியாயம். இன்னொன்று, விபத்து என்று ஒன்று நடந்தால், எண் பொருந்தாத வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு. மலைரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது விளையாட்டு இல்லை.

விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்று ராத்திரி பெரியம்மாவிடம் சொன்னேன். அவங்க சோற்றைப் பிசைஞ்சுகிட்டே, "பழைய எஞ்சினை உங்க பெரியப்பா விக்கலையே, ஏலக்காய் ஸ்டோர்ல கிடக்குமே"ன்னாங்க.

கிடந்தது. சாக்கு மூட்டைகளுக்கு அடியில், பிஸ்டன் இறுகிப் போய். டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். பிளாக்கில் அடித்திருந்த எண்ணும் ஆர்.சி.யில் இருந்த எண்ணும் ஒன்றே. லேத்தில் கிராங்க்கை கிரைண்ட் பண்ணி, புது பிஸ்டன் செட் போட்டு, பழைய எஞ்சினையே திரும்ப வண்டியில் ஏற்றினேன். அது எட்டு மாச வேலை. ஆனால் இப்போது வண்டியில் மாற்றம் என்று ஒன்றும் இல்லை. 2023-ல் ஆர்.சி. 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 வருஷம் ஆன வண்டியை எல்லாம் நொறுக்கப் போகிறார்கள் என்பார்கள். டெல்லி சுற்றுவட்டாரக் கட்டுப்பாடு வேறு, நம்மூர் வேறு. இங்கே தனியார் சொந்த வண்டி ஆய்வில் தேறினால், பசுமை வரியும் கட்டணமும் கட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். கட்டணம் மட்டும் பழைய மாதிரி இல்லை. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் மேலும் ஏறியது. கட்டும் முன் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுத் துறை ஜீப் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால்தான் உஷாராக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்தானதாகவே கருதப்படும். அவை போக வேண்டிய இடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையம். அதை வாங்கி எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ரோட்டில் ஓட்ட முடியாது. 50 வருஷம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று தனியாக இருக்கிறது, 2021-ல் வந்தது. அதற்கு வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். அன்றாடம் ஓட்டவும் முடியாது. தோட்டத்துக்குப் போகிற வண்டிக்கு அது ஆகாது.

ஆகவே பழைய ஜீப் பார்க்கப் போகும்போது பென்சிலும் வெள்ளைத்தாளும் கொண்டுபோங்கள். சேஸிஸ் எண்ணைத் தேய்த்து எடுங்கள், எஞ்சின் எண்ணைப் போட்டோ எடுங்கள், இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஆர்.சி. வந்த வாரம் பெரியம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் போடிமெட்டு வரை போய் வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்தேன். இறங்கும்போது, "எல்லாம் சரி, ஹாரன் சத்தம் மட்டும் அவரு வண்டி மாதிரி இல்ல"ன்னாங்க. பழைய ஹாரனும் அந்த ஸ்டோரில்தான் எங்கேயோ கிடக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.