வெள்ளம் புகுந்த மோட்டார் வண்டி

சுது கங்கை பெருகி வடிந்தபின் மாத்தளைப் பகுதி வீடுகளில் முதலிற் கண்ணிற் படுவது, நீர் சுவரிலே இட்டுச் சென்ற கோடு. கோட்டுக்குக் கீழே உள்ளவை சேறு கண்டவை; மேலே உள்ளவை தப்பியவை. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் மாண்டனர். மலை சரிந்து மனிதரும் மனையும் புதையுண்ட அவ்வேளையிலே மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவது சிறுமையல்லவா என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். உயிரும் உறைவிடமும் முதலாவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவருக்கு அந்த வண்டியே வயல், அதுவே தோட்டம்.

அன்றியும், இலங்கையில் மோட்டார் வண்டி எளிதிற் கிடைக்கும் பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதுவும் கனத்த வரிகளுடன். ஆகவே பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரையும் செப்பனிட்டு ஓட்டுவதன்றி வேறு வழியில்லாதார் பலர்.

வெள்ளம் வடிந்த மறுநாட் காலையில் உரிமையாளர் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பிவிடுகிறார். கராஜிலே கேட்கப்படும் முதற் கேள்வியும் அதுவே. “தம்பி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” “ஒரே ஒரு தடவைதான், அண்ணே.” அந்த ஒரே ஒரு தடவை போதும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். உள்ளே ஈரமான மின்கருவிகளிலே மின்சாரம் பாய்ந்தால் அவையும் கருகும். நீரினால் விளைந்த சேதத்தைவிட அவசரத்தினால் விளைந்த சேதமே பெரிதாகிவிடுவதுண்டு.

எனவே சாவியைத் தொடாமல், பெற்றரியின் எதிர்முனை வயரை முதலிற் கழற்றிவிட வேண்டும். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்களில் இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த வயர்கள் காணப்படும். அவை உயிரைக் கொல்லவல்ல மின்னழுத்தம் உடையவை. அவற்றின் பக்கம் பயிற்சி பெற்றவரன்றி வேறெவரும் கைவைத்தலாகாது.

அடுத்து, துடைப்பத்தை எடுக்குமுன் நிழற்படம் எடுத்தல் வேண்டும். கதவின் உட்புறத்திலும் ஆசனத்திலும் நீர்க்கோடு தெரியும்படி எடுத்த படமே காப்புறுதி நிறுவனத்திடம் சாட்சி சொல்லும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் பெற்றவருக்கு இந்த வழி இல்லை. முழுக் காப்புறுதி பெற்றவரும் தம் ஒப்பந்தத்தில் வெள்ளம் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோடு ஆசனத்தின் அடியோடு நின்றிருந்தால் வண்டியை மீட்பதில் நம்பிக்கை உண்டு. டாஷ்போர்டை எட்டிவிட்டதாயின், செலவையும் வண்டியின் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபிறகே கழற்றத் தொடங்குவது நன்று.

மாத்தளைக்கு ஓர் ஆறுதல், அங்கே புகுவது ஆற்று நீர் என்பது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலே உப்புநீர் கண்ட வண்டிகளின் இரும்பையும் செம்பையும் உப்பு விடாது அரித்தது. ஆற்று நீர் அத்தனை கொடியதன்று. ஆனால் அது கொண்டுவரும் வண்டல் மிக நுண்ணியது. மாவைப்போல் எல்லா இடுக்குகளிலும் புகுந்து, காய்ந்தபின் சீமெந்துபோல் இறுகும். ஆதலால் ஈரமாயிருக்கும்போதே கழுவ வேண்டும். பூஞ்சணமும் ஒன்றிரண்டு நாட்களிலேயே படரத் தொடங்கிவிடும். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சற் கிருமி இருத்தல் கூடுமாகையால், கையுறையும் மூடிய பாதணியும் இன்றி இறங்கலாகாது. கைகால்களிற் புண் உள்ளவர் விலகியிருப்பதே அறிவு.

இனி உள்வேலை. மேலே துடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவோர் ஏமாறுகிறார்கள். ஏனெனில் தரைக்கம்பளம் காய்ந்ததுபோலத் தோன்றினாலும், அதன் அடியிலே ஒட்டிய பஞ்சுமெத்தை வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்திற் கிடந்து தரைத்தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். மேலே இருப்பவருக்கு நாற்றம் மட்டுமே தெரியும். ஆகவே ஆசனங்களைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆசனத்தின் கீழே மஞ்சள் நிறப் பொருத்தி காணப்படின் அது காற்றுப்பைக்குச் செல்வது. பெற்றரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்த பின்னரே அதனைப் பிரிக்கலாம். பிறகு கம்பளத்தை முழுவதும் உரித்து, தரையிலுள்ள இறப்பர் மூடிகளை நீக்கினால் தேங்கிய நீர் தானே வடிந்துவிடும்.

கம்பளத்தை நல்ல தண்ணீரில் சவர்க்காரத் தூளிட்டு, அலசிய நீர் தெளியும் வரைக்கும் கழுவ வேண்டும். அடிப்பஞ்சு நைந்திருந்தால் அதனை எறிந்துவிட்டுப் புதிது போடுவதே மலிவு. வெளுப்புக் குளோரினை அள்ளி ஊற்றுவார் சிலர். அது துணியின் நிறத்தைக் குடிக்கும், இரும்பை அரிக்கும், வினாகிரியோடு கலந்தாலோ நச்சுவாயு எழும். பூஞ்சணம் கண்ட இடத்துக்கு வினாகிரியை மட்டுமே தடவித் துடைத்தால் பெரும்பாலும் போதும்.

உலர்த்துவதுதான் கடினம். டித்வா வந்து சென்றது வடகீழ்ப் பருவமழையின் தொடக்கத்தில்; ஆகவே மாத்தளையில் அடுத்த சில வாரங்களுக்கு வெயிலை நம்பியிருக்க இயலாது. கூரையின் கீழே கதவுகளை அகலத் திறந்து, மின்விசிறியை ஒருபக்கம் வைத்து மறுபக்கம் காற்றை வெளியேற்ற வேண்டும். நெருப்புச் சட்டியை உள்ளே வைப்பது பேதைமை.

துடைத்து மீட்கக்கூடியவை எவை, கூடாதவை எவை என்பதிலே தயவு காட்டலாகாது. வயர்களின் பொருத்திகளிற் பச்சை படிந்திருந்தால், அதற்கென விற்கும் திரவத்தைத் தெளித்துத் துலக்கலாம். குளிர்சாதனத்தின் காற்று வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். அன்றேல் சேற்று நாற்றம் ஒவ்வொரு பயணத்திலும் முகத்தில் வீசும். ஆனால் சேறு புகுந்த ஆசனப்பட்டியின் சுருளும், நீரில் மூழ்கிய காற்றுப்பைக் கருவியும் வேறு வகை. விபத்து நேரும் அந்த ஒரு கணத்திலே அவை வேலை செய்யுமா என்பதை முன்கூட்டிச் சோதித்தறிய வழியில்லை. அவற்றைப் புதிதாக மாற்றப் பணமில்லை என்று விட்டுவிடுபவர், பின்னாசனத்திலே யாரோ ஒருவருடைய குழந்தையை ஏற்றிச் செல்கிறார்.

மாத்தளை வாசனைத் திரவியங்களின் நாடு. கறுவாப்பட்டையும் கராம்பும் முடிந்த சிறு பொட்டலத்தை வண்டிக்குள் தொங்கவிட்டால் நாற்றம் மறையும், மறையுமேயன்றி நீங்காது. சொந்த மூக்குக்காக அப்படிச் செய்வதில் குற்றமில்லை. விற்பதற்காகச் செய்வதே வஞ்சனை. வெள்ளம் கண்ட கார்களைத் துடைத்து மெருகிட்டு, வெள்ளம் காணாத ஊர்களிலே நல்ல விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பவருக்கு நட்டம்தான். ஆனால் அது வெள்ளம் செய்த நட்டம். அதை அறியாத ஒருவருடைய தலையிற் கட்டுவதற்கு வெள்ளம் காரணமன்று.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்டு மயங்காமல், ஆசனப்பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்களேயன்றிச் சுருளுக்குள் கிடக்கும் நுனியைப் பெரும்பாலும் எவரும் கழுவுவதில்லை. அங்கே மண்ணிறத்தில் ஒரு கோடு இருந்தால், ஆறு எதுவரை ஏறியது என்பது தெரிந்துவிடும்.