செதுக்கினாலும் சேதமாகாத படம்



படத்தைத் திருத்தும் மென்பொருள் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, அதில் என்னென்ன வித்தை காட்டலாம் என்பதைத்தான். பின்னணியை நீக்குமா, முகத்தைப் பளிச்சென்று ஆக்குமா, பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றுமா என்று கேட்கிறோம். கிம்ப் என்ற இலவச மென்பொருளை இன்று நான் வேறோர் அளவுகோலால் மதிப்பிடப் போகிறேன். கொடுத்த படத்தை அது எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறது? நாம் செய்த திருத்தத்தை எப்படி நினைவில் வைக்கிறது? அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது? கோப்பு வடிவமும் வேகமும் தனித்தனி விஷயங்கள்போலத் தோன்றும். கிம்ப்பின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே முடிச்சு என்பது தெரியும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கிய வேலை இது. அடுத்த ஆண்டே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பொத்தான், பட்டியல் போன்ற திரை உறுப்புகளுக்காக அவர்கள் உருவாக்கிய ஜி.டி.கே. என்ற கருவித்தொகுப்பு, பின்னாளில் லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்துக்கே அடித்தளமாயிற்று. கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவம் எக்ஸ்.சி.எஃப். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கைபேசியும் கேமராவும் பெரும்பாலும் ஜேபெக் வடிவில்தான் படத்தைத் தருகின்றன. 1992இல் தரப்படுத்தப்பட்ட வடிவம் அது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி, கண் கவனிக்காத நுட்பங்களைக் கழித்துவிடும். அந்தக் கணக்கைக் கண்டறிந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அவர் நிதி கேட்டு விண்ணப்பித்தபோது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகத்தில் புழங்கும் படங்களில் மிகப் பெரும் பகுதி அந்தக் கட்டுரைக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் கழித்தது கழித்ததுதான். ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் இன்னொரு முறை கழிவு நடக்கும். இப்படிப் பல முறை செய்தால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் புள்ளிகள் தெரியும். கன்னத்தின் மென்மை கட்டம் கட்டமாக உடையும். திருத்துபவரின் திறமை எதுவாயினும் இதிலிருந்து தப்ப முடியாது.

அதனால்தான் 2012இல் வந்த கிம்ப் 2.8 எடுத்த ஒரு முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பதிப்பு முதல் ‘சேமி’ என்றால் எக்ஸ்.சி.எஃப். ஆக மட்டுமே சேமிக்கும். ஜேபெக்கோ பி.என்.ஜி.யோ வேண்டுமானால் ‘ஏற்றுமதி’ என்று தனியாகக் கேட்க வேண்டும். பயனர்கள் பலர் கொதித்தார்கள். ஒரு சொடுக்கில் முடிந்த வேலை இரண்டாயிற்று என்பது அவர்கள் குறை. என்றாலும் அந்தக் கூடுதல் சொடுக்கு எத்தனையோ பேர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருத்திய பட அடுக்குகளையும் தேர்வுகளையும் அழியாமல் காத்திருக்கிறது. வேலைக்கான கோப்பு வேறு, வெளியே அனுப்பும் பிரதி வேறு என்பதை மென்பொருளே கற்றுக்கொடுத்தது.

இனி வேகம். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 6000 புள்ளி, உயரம் 4000. மூன்று நிறங்களுக்கும் ஒளிபுகு தன்மைக்குமாகப் புள்ளிக்கு நான்கு எண்கள். எண்ணுக்கு 8 பிட் என்றால் ஓர் அடுக்குக்கு 96 மெகாபைட் நினைவகம் வேண்டும். 32 பிட் என்றால் 384 மெகாபைட். பத்து அடுக்கு போட்டால் நான்கு ஜிகாபைட்டை நெருங்கிவிடும். வட்டில் சில மெகாபைட்டாக அடங்கிக் கிடந்த படம், திறந்ததும் இப்படி விரிகிறது.

அப்படியானால் 8 பிட்டே போதாதா? போதாது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்தி வானத்தைச் சற்றே வெளிச்சமாக்கினால், மெல்ல மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ஹாலிவுட் வரைகலைக் கூடங்களுக்கு இது ஆரம்பத்திலேயே இடித்தது. அவர்களுக்காகப் பிரிந்து போன கிளைதான் ஃபிலிம் கிம்ப்; பிறகு அது சினிபெயின்ட் ஆயிற்று. மூல கிம்ப்புக்கோ ஜி.இ.ஜி.எல். என்ற புதிய கணக்கீட்டு எந்திரத்தை உருவாக்கும் பணி 2000இல் தொடங்கியது. 2008இல் 2.6 பதிப்பில் அது முதலடி வைத்தது. முழுமையாகக் குடியேறியது 2018இல், 2.10 பதிப்பில். பதினெட்டு ஆண்டுகள்! ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் அடித்தளத்தையே, பெரும்பாலும் தன்னார்வலர்கள் சேர்ந்து, மாற்றிக் கட்டினார்கள்.

அந்த எந்திரம் செய்வது இதுதான். வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நீர் பாய்ச்சுவதுபோல, படத்தைச் சிறு ஓடுகளாகப் பிரிக்கிறது. மாற்றம் விழுந்த ஓட்டை மட்டும் மறுபடி கணக்கிடுகிறது. செயலியின் பல கருக்கள் பல ஓடுகளை ஒரே நேரத்தில் பங்குபோட்டுக்கொள்கின்றன. நினைவகம் நிரம்பினால் ஓடுகள் வட்டுக்குப் போகும். பழைய கணினியில் படம் இழுத்து இழுத்து வருவது அப்போதுதான். நிறங்களைக் கலக்கும் கணக்கும் திருந்தியது. கருப்பையும் வெள்ளையையும் சரிபாதியாகக் கலந்தால் பழைய முறையில் 128 என்ற சாம்பல் வரும். உண்மையான ஒளியின் அளவில் கணக்கிட்டால் 188க்குப் பக்கத்தில் வரும். மங்கலாக்கும்போது, படத்தைச் சுருக்கும்போது ஓரங்கள் அசிங்கமாகக் கருக்காமல் இருப்பது இதனால்தான்.

இத்தனை உழைப்பின் பலன் 2025 மார்ச் மாதம் வந்த 3.0 பதிப்பில் கைக்குக் கிடைத்தது. கருமை கூட்டுவது, கூர்மை ஏற்றுவது போன்ற வடிகட்டி ஒன்றைப் போட்டால் அது இனி படப்புள்ளிகளைத் தின்றுவிடாது. அடுக்கின் மேல் தனியே உட்கார்ந்திருக்கும். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், மூடிவைக்கலாம், எடுத்தே விடலாம். முக்கியமாக, இந்த விவரமெல்லாம் எக்ஸ்.சி.எஃப். கோப்பிலேயே பதிவாகிறது. முன்பு கோப்பை மூடியதுமே செய்ததை மீட்கும் வாய்ப்பு போய்விடும். செயல்வரலாறு கோப்பில் தங்குவதில்லை. ஓலைச்சுவடி ஒன்றின் படத்தில் எழுத்து தெரிவதற்காகக் கருமையைக் கூட்டி, கூர்மையும் ஏற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தெரிவது எழுத்தாணியின் கீறலா, ஓலையின் வெடிப்பா என்று அடுத்த ஆண்டு ஓர் அறிஞருக்குச் சந்தேகம் வரும். அதே கோப்பைத் திறந்து, ஏற்றிய கருமையை இறக்கிப் பார்க்கலாம். திருத்தமும் மூலமும் ஒரே கோப்பில் கூடி வாழ்கின்றன. வேகமான எந்திரம் இல்லாமல் இது நடந்திருக்காது. ஒரு திருத்தத்தை மாற்றினால் அதற்கு மேலுள்ளவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டுமே. கனமான வடிகட்டிகளை அடுக்கிக்கொண்டே போனால் இப்போதும் எளிய கணினிகள் திணறத்தான் செய்யும். அப்போது சிலவற்றை அடுக்கோடு இணைத்துவிடுவது நல்லது.

வெளிவடிவங்களிலும் கிம்ப் பின்தங்கவில்லை. வெப்பி, ஹெய்ஃப், ஏ.வி.ஐ.எஃப். எல்லாம் 2.10 வரிசையிலேயே வந்துவிட்டன. ஜேபெக் எக்ஸ்.எல். என்ற புதிய வடிவத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பழைய ஜேபெக் கோப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கி, பிறகு ஒரு பிட் கூடப் பிசகாமல் திருப்பிக் கொடுக்க வல்ல வடிவம் அது.

அச்சுத்தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். சி.எம்.ஒய்.கே. எனப்படும் நான்கு மை வண்ணத்தில் நேரடியாகத் திருத்தும் வசதி 3.0இலும் இல்லை. நிறம் எப்படி விழும் என்று திரையில் முன்பார்க்கலாம், சி.எம்.ஒய்.கே. ஆக ஏற்றுமதி செய்யலாம். கருப்பு மையை மட்டும் நேரடியாகத் திருத்த வழியில்லை. சிவகாசியில் நாட்காட்டி அச்சிடுபவர் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை விடமுடியாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம். கிம்ப் அடுத்துக் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.